சுவரில் வந்துகொண்டிருந்த படகு

மே மாத விடுமுறை. எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஞானம் சார் வழக்கம்போல ஒரு ரோஜாப்பூப் படத்துடன் 'இனிய காலை வணக்கம்' அனுப்பியிருந்தார். நானும் வழக்கம்போல அதற்குப் பதில் போடவில்லை. இட்லி ஊற்றி வைத்துவிட்டு வந்து மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்த ரோஜாவுக்கு நேர் கீழே தலைமையாசிரியர் எழுதியிருந்தார்: 'நம் பள்ளி ஓவிய ஆசிரியர் திரு. ஞானப்பிரகாசம் அவர்கள் சற்றுமுன் மாரடைப்பால் காலமானார்.' அதற்கும் கீழே கைகூப்பும் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இப்போதுதானே காலை வணக்கம் சொன்னார், அதற்குள் எப்படிச் செத்துப்போவார்? யாரோ தெரியாமல் போட்டிருக்கிறார்கள் என்று தலைமையாசிரியருக்கே போன் செய்து சத்தம் போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உண்மைதாங்க டீச்சர். நானும் நம்பாம அவரு நம்பருக்கே அடிச்சுப் பாத்தேன். அவரு மகதான் எடுத்துச்சு" என்றார்.

போனை வைத்ததும் எனக்கு அந்தப் படகுதான் நினைவுக்கு வந்தது. அது இன்னும் கரைக்கு வரவில்லை. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் அதை முடித்துவிடுகிறேன் என்று சார் ஒரு பெண்ணுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஞானம் சார் பகுதிநேர ஓவிய ஆசிரியர். நார்த்தாமலைப் பக்கத்துக்காரர். வாரத்தில் மூன்று நாள், கீரனூரில் பஸ் ஏறி, புதுக்கோட்டையில் மாறி, அறந்தாங்கியில் மாறி, கட்டுமாவடிப் பக்கம் இருக்கும் எங்கள் கடற்கரைப் பள்ளிக்கு வந்து சேருவார். தலைக்கு மை அடித்து, சட்டையை உள்ளே விட்டு, மாப்பிள்ளை போல இறங்குவார். ஆனால் கடல் என்றால் அவருக்குப் பயம். சாதாரணப் பயமல்ல. பள்ளிக்குப் பின்னால் பத்துத் தென்னை தாண்டினால் கடல். இங்கே வேலை பார்த்த அத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அவர் அதில் கால் நனைத்ததில்லை. பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்தால், "வேணாம்டா, நான் பாறையில பொறந்தவன். என்னைத் தண்ணி ஏத்துக்காது" என்பார்.

அப்படிப்பட்டவரிடம்தான் பள்ளியின் நீளச் சுவரில் ஊரைப் பற்றிய ஓவியம் ஒன்று தீட்டும் வேலை வந்தது. ஊராரைக் கேட்டுத்தான் வரைவேன் என்று அவர் பிடிவாதமாக நின்றார். நான் கணக்கு டீச்சர். நாலு பேரைக் கேட்டால் நாற்பது பேர் சண்டைக்கு வருவார்கள் என்பது எனக்குத் தெரியும். வந்தார்கள். பெற்றோர் கூட்டத்தில் ஒரு பக்கம் அய்யனார் குதிரை நடுவில் வேண்டும் என்றார்கள். ஒரு பக்கம் மாதா கோயில் கொடிமரம் என்றார்கள். இன்னொரு பக்கம் சந்தனக்கூடு என்றார்கள். நடு இடம் ஒன்றுதான். குரல்கள் உயர்ந்தன. சார் எழுந்து, சாவகாசமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இந்த ஊரு மூணு தெருவுக்கும் சோறு போடுறது எது?" என்று கேட்டார். பின்வரிசையிலிருந்து ஒருவர், "நண்டுதான்" என்றார். "அப்ப நடுவுல நண்டு. அதுக்குச் சாமி கெடயாது. மத்ததெல்லாம் அதைச் சுத்தி வரும்" என்றார் சார். கூட்டம் சிரித்தது. சிரித்தபடியே ஒப்புக்கொண்டது.

இன்றும் எங்கள் பள்ளிச் சுவரின் நடுவில் நீலக்கால் நண்டு ஒன்று இரண்டு கொடுக்கையும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. குதிரையும் கொடிமரமும் சந்தனக்கூடும் அதைச் சுற்றி நிற்கின்றன. ஓரமெல்லாம் ஊர்ப் பெண்கள் போட்ட கோலம். வடகாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண் கேட்டாள் என்பதற்காக மூலையில் ஒரு பலாமரமும் உண்டு.

கடலை வரையும்போது மீன்பிடிப்பவர்கள் தினமும் வந்து நின்று அவரை உண்டு இல்லை என்று ஆக்கினார்கள். "என்ன சார், அலை போடச் சொன்னா பாறை போட்டு வச்சிருக்கீக?" என்றார் ஒருவர். பாய்மரம் வைத்த படகு ஒன்றை அழகாக வரைந்திருந்தார். "இதுல போனா மீனே சிரிக்கும் சார். பைபர் போட்டு போடுங்க, பின்னாடி இன்ஜின் வைங்க" என்று அதை அழிக்க வைத்தார்கள். படகு அவர்கள் வாயில் 'போட்டு'. சார் கோபித்துக்கொள்ளவே இல்லை. அவர்கள் சொன்னபடியெல்லாம் அழித்து அழித்து வரைந்தார்.

கூட்டத்துக்கு வராத ஒருவர் கடல் வரைந்து முடித்த அன்று வந்தார். கருவாடு விற்கும் காளியம்மா. அவருடைய ஒரே மகன் முருகேசன், சுவர் தீட்டுவதற்கு முந்தைய ஐப்பசியில், நண்டு வலை எடுக்கத் தனியாகப் போனவன். அன்று காற்று திரும்பியது. அவனும் வரவில்லை, படகும் வரவில்லை. தேடிப் போனவர்கள் ஒரு மிதவையைக்கூடக் கொண்டுவரவில்லை. அவன் மனைவி ராணி எங்கள் பள்ளியில் சத்துணவு உதவியாளர். ஓவியம் தீட்டிய சுவருக்கு நேர் எதிரில்தான் சமையல் கூடம்.

காளியம்மா சாரிடம் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "சார், எம்மவனோட போட்டு ஒண்ணு வரைங்க. பச்சை, கீழ மஞ்சக் கோடு. மூஞ்சி இங்கிட்டுக் கரையப் பாத்து இருக்கணும்."

"ஆளையும் வரையவா ஆத்தா? போட்டோ இருந்தா குடுங்க."

காளியம்மா பதறிப்போனார். "ஐயோ, ஆள வரையாதீக. செவுத்துல படம் போடுறது செத்தவகளுக்கு. வெறும் போட்டு போதும்."

சார் அப்படியே வரைந்தார். சுவரின் இடக் கோடியில், எட்டாம் வகுப்பு ஜன்னலுக்குக் கீழே, வானமும் கடலும் சேரும் இடத்தில் ஒரு சிறிய பச்சைப் படகு. ஆள் இல்லை. கரை, சுவரின் வலக் கோடியில், தண்ணீர்க் குழாய்க்கு மேலே. இரண்டுக்கும் நடுவில் அவ்வளவு நீலம். காளியம்மா படகைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். அன்று எங்கள் எல்லோருக்கும் அது ஒரு நல்ல காரியமாகத்தான் தோன்றியது.

உப்புக்காற்று எங்கள் ஊரில் எதையும் விட்டுவைக்காது. ஜன்னல் கம்பியை அரித்து, பள்ளி மணியை அரித்து, கடைசியில் ஓவியத்தையும் அரித்தது. சார் வாங்கிப் பூசியதோ மலிவான டிஸ்டெம்பர். அதனால் ஒவ்வொரு மே மாதமும் வந்து சுவரைக் கழுவி, நீலத்தை ஒரு கை பூசிவிட்டு, மேலே மறுபடி எல்லாவற்றையும் வரைவார். முதல் தடவை அப்படி வரைந்தபோது ஒரு பிசகு நேர்ந்துவிட்டது. படகு இருந்த இடம் நீலத்தில் மறைந்துபோனதால், நினைவிலிருந்து வரைந்தார். அது பழைய இடத்திலிருந்து ஒரு முழம் கரைப் பக்கம் தள்ளி விழுந்துவிட்டது. எங்களில் யாருக்கும் அது தெரியவில்லை. பள்ளி திறந்த அன்று காளியம்மா வந்தார். சுவரைப் பார்த்தார். சாருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், போட்டு வருது."

பக்கத்தில் நான் நின்றிருந்தேன். சார் வாயைத் திறந்தார். பிசகு என்று சொல்லத்தான் திறந்தார், எனக்குத் தெரியும். காளியம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமாத்தா, வருது" என்றார்.

அந்த ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டார். அடுத்த மே மாதம் படகு இன்னும் கொஞ்சம் வரவேண்டியதாயிற்று. அதற்கடுத்த வருடம் இன்னும் கொஞ்சம். ஊரில் சிலர் கேலி செய்தார்கள். சிலர் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தார்கள். நான் பேய் பிசாசை நம்புகிறவள் அல்ல. ஆனாலும் மாலையில் மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகு, வெயில் சாயும் நேரத்தில் அந்தச் சுவரைக் கடந்து போக எனக்குப் பிடிக்காது. ஆளில்லாமல் ஒரு படகு நம்மைப் பார்த்து வந்துகொண்டிருந்தால் யாருக்குப் பிடிக்கும்? அதன் மூஞ்சி எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் என்னையே பார்ப்பதாகத் தோன்றும். ராணி சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் வெங்காயம் உரிப்பாள். புகை முகத்தில் அடிக்கும். அப்படியும் திரும்பமாட்டாள்.

ஒரு வருடம் சார் துணிந்து படகை நகர்த்தாமல் விட்டார். "இது போதும் டீச்சர். ஏமாத்துற மாதிரி இருக்கு" என்றார். பள்ளி திறந்த அன்று காளியம்மா வந்து வெகுநேரம் நின்றார். பிறகு கரைப் பக்கம் போனார். மறுநாள் காலை ராணி அலறிக்கொண்டு ஓடிவந்தாள். சுவரோரம், படகுக்கு நேர் கீழே, மூடி போட்ட டீசல் கேன் ஒன்று. தலைமையாசிரியர் வேர்த்துப்போனார். சமையல் கூடத்துப் பக்கம் டீசலா என்று போலீசுக்கே போன் செய்யப் போனார். ராணிதான் தடுத்தாள். "எங்க அத்தை வச்சது சார். நேத்துச் சாயங்காலம் பூரா கரையில போற வாரவகளை எல்லாம் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. போட்டு ஏன் நிக்குது, டீசல் தீந்துபோச்சான்னு."

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அந்த வாரமே சார் தூரிகையை எடுத்துப் படகை நகர்த்தினார்.

அதன் பிறகு ஒருநாள் மதியம், ஆசிரியர் அறையில், சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிவிட்டு என்னிடம் கேட்டார்: "டீச்சர், ஒரு தூரம் இருக்கு. ஒவ்வொரு தடவையும் மீதி இருக்கறதுல பாதி மட்டும் போறோம். எப்ப போய்ச் சேருவோம்?"

"சேரவே மாட்டோம் சார். கிட்டக் கிட்டப் போகலாம், அவ்வளவுதான்."

"அது போதும்" என்றார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அடுத்த மே மாதம் படகு மிச்ச தூரத்தில் பாதி வந்தது. அதற்கடுத்த மே மாதம் அதிலும் பாதி. நான் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன். கணக்கு பிசகவில்லை. ஆனால் மனிதர் இளைத்துப்போனார். தலைமுடிக்கு மை அடிப்பதை விட்டார். "டீச்சர், நான்தான் அதை வரையறேன்னு நெனச்சேன். இப்ப அதுதான் என்னைய வரைய வைக்குது. வீட்ல கண்ண மூடுனா இன்ஜின் சத்தம் கேக்குது. எங்க ஊருல ஏது டீச்சர் கடலு?" என்றார். விட்டுவிடுங்கள் சார், வேறு பள்ளிக்கு மாற்றல் கேளுங்கள் என்று அப்போதே சத்தம் போட்டேன். "போட்டை யாரு கிட்டக் குடுத்துட்டுப் போக?" என்று கேட்டார்.

இந்த விஷயத்தில் ராணி என்ன ஆனாள் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. போன பங்குனியில் அவளே சாரிடம் வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு நேரே சொன்னாள்.

"சார், அந்தப் போட்டை ஒண்ணு கரையில ஏத்துங்க, இல்லாட்டிக் கடல்ல முக்குங்க. கருமாதி பண்ணுவோம்னு சொன்னா எங்க அத்தை, போட்டு கரைக்கு வரட்டும்டிங்குது. நல்லது கெட்டதுக்கு ஒரு வீட்டுக்குப் போனா, எனக்குக் குங்குமத் தட்ட நீட்டலாமா வேணாமான்னு தெரியாம அவக முழிக்கிறாக. போறதையே விட்டுட்டேன். அது வெறும் போட்டுன்னு நீங்க நெனக்கிறீக. அதுல நான்தான் சார் ஒக்காந்துருக்கேன்."

சார் சுவரின் பக்கம் திரும்பி மிச்சமிருந்த நீலத்தைப் பார்த்தார். பிறகு, "மே மாசம் முடிச்சிர்றேன்மா. கரையில ஏத்திடறேன். ஒங்க அத்தகிட்ட நானே பேசறேன்" என்றார். பேசுவதற்கு அவர் வரவில்லை. கரைக்கும் படகுக்கும் நடுவில் ஒரு சாண் நீலம் மிச்சம் இருக்கும்போதே போய்விட்டார்.

இறுதிச் சடங்குக்கு ஒரு வேன் பிடித்துப் போனோம். காளியம்மாவும் ராணியும் வந்தார்கள். சாருடைய ஊர் முழுக்கப் பாறை. காளியம்மா வழியெல்லாம் ஜன்னல் வழியே அதையே பார்த்துக்கொண்டு வந்தார். கல்லறைத் தோட்டத்தில் பாதிரியார் ஜெபம் முடித்ததும், வந்தவர்கள் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். காளியம்மாவின் முறை வந்தது. மண்ணை அள்ளினார். போடவில்லை. அப்படியே நின்றார். மகனுக்குப் போட ஒரு குழிகூட இல்லாத அந்தக் கையை யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் கை திறந்தது. பிறகு குனிந்து இன்னொரு பிடி அள்ளி, அதையும் போட்டார். அது யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. ராணி என் தோளைப் பிடித்துக்கொண்டு வாயைப் பொத்தினாள்.

திரும்பும் வழியில் வேன் புதுக்கோட்டையைத் தாண்டியது. பிறகு காளியம்மா என்னிடம், யாரிடமோ சேதி சொல்வது போலச் சொன்னார். "கால் நனைக்கவே பயப்படுற மனுசன் டீச்சர். எம்புள்ளயத் தேடி அவரே அங்கிட்டுப் போயிட்டாரு. இனி நான் இங்கன எதுக்குக் காவலு?"

பள்ளி திறப்பதற்கு முன் ஒரு சனிக்கிழமை, காலையில், மூவரும் சுவருக்கு முன்னால் நின்றோம். சாருடைய அலமாரியைத் திறந்து டிஸ்டெம்பரையும் தூரிகையையும் எடுத்து வந்திருந்தேன். சார் செய்வதுபோலவே முதலில் சுவரைக் கழுவினோம். ராணி வாளியைத் தூக்கி ஊற்றினாள். தண்ணீர் பட்டதும் நீலம் கண்ணாடி போல ஆனது. உள்ளே இருந்தவை தெரிந்தன. மழையில் நின்று அந்தச் சுவரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஜன்னலுக்குக் கீழே ஒரு வெளிறிய படகு. அதற்கு முன்னால் இன்னொன்று. அதற்கு முன்னால் இன்னொன்று. சார் ஒவ்வொரு மே மாதமும் பூசி மறைத்த படகுகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, கரைக்கு வரவர நெருங்கி நெருங்கி, ஆளில்லாமல் நின்றன. நான் ஓரடி பின்னால் போனேன். ராணி வாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

காளியம்மா மட்டும் பயப்படவில்லை. சுவரோரமாக நடந்து ஒவ்வொரு படகையும் தடவிக்கொண்டே வந்தார். "வழி பூரா வந்துருக்கான் பாருடி" என்றார் ராணியிடம். பிறகுதான் அழுதார். முருகேசன் போனதிலிருந்து ஊர் கேட்காத அழுகை அது. மாமியாரும் மருமகளும் கட்டிக்கொண்டு அழுது முடிக்கும்வரை நான் தண்ணீர்க் குழாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

சுவர் காய்ந்தது. படகுகள் மறைந்தன. நீலம் பூசினோம். கரை மணலின்மேல் நான்தான் படகை வரைந்தேன், ஸ்கேல் வைத்து. காளியம்மா பார்த்துவிட்டு, "போட்டா டீச்சர் இது? சோப்பு டப்பா மாதிரி இருக்கு" என்றார். பச்சை அடித்து, மஞ்சள் கோடு போட்டு நான் தூரிகையைக் கழுவப் போனபோது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"கட்டிப் போடுங்க டீச்சர். இல்லாட்டி மறுபடி போயிரும்."

ஒரு கயிறு வரைந்து, மணலில் ஒரு முளை வரைந்து, கட்டினேன். அடுத்த வாரம் முருகேசனுக்குக் கருமாதி நடந்தது. ராணி இப்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் வெங்காயம் உரிக்கிறாள்.

சார், உங்கள் வாக்கை நாங்கள் முடித்துவிட்டோம். கயிறு விறைப்பாக வந்துவிட்டது, தொய்வாக வரைய எனக்குக் கை வரவில்லை. வாட்ஸ்அப் குழுவில் உங்கள் கடைசி ரோஜா அப்படியே இருக்கிறது. இத்தனை நாள் கழித்து நேற்று அதற்குப் பதில் வணக்கம் போட்டேன். ஐப்பசியில் மழை வரும், சுவர் நனையும், அந்தப் படகுகள் மறுபடி தெரியும். அன்று நான் குடை பிடித்துக்கொண்டு வந்து நிற்பேன், அவற்றில் எதிலாவது நீங்கள் இருக்கிறீர்களா என்று பார்க்க. பயமாக இருந்தால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள் சார். கரை பக்கத்தில்தான்.